இடது காதில் சொன்னது

ஜூன் 15, ஞாயிறு

தாராவியிலிருந்து இப்போதுதான் வந்தேன். செருப்பெல்லாம் சேறு. சாய்நாத் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார், பெண்டாட்டி உள்ளே வந்ததே அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அஸாருதீனின் பட்டறையில் மெஷின்கள் ஓடாது. தோல் பைகள் அடுக்கின அட்டைப்பெட்டிகளை ஓரமாகத் தள்ளினால் மூன்று பேர் உட்கார இடம் கிடைக்கும். அவனும் நானும் கிதார். அவன் மச்சான் ஜீஷான் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தட்டுவான். எட்டு வருஷத்துக்கு முன்னால் என் கிதாருக்கு உறை தைக்கக் கொடுக்கப் போனபோது தோல் சுருள்களுக்குப் பின்னால் ஒரு கிதார் தொங்குவதைப் பார்த்தேன். அப்படி ஆரம்பித்தது. மூன்று பேருமே சுமாராகத்தான் வாசிப்போம். அது எங்களுக்கும் தெரியும்.

இன்று டீ வந்த நேரத்தில் ஜீஷான் கேட்டான், "ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பாட்டு. யார்கூட வாசிக்கக் கிடைக்கணும்?" அவன் ஒரு வெளிநாட்டு டிரம்மர் பேரைச் சொன்னான். அஸாருதீன் யோசிக்கவே இல்லை. நாணு என்றான். நானும் அதைத்தான் சொல்ல வாய் திறந்திருந்தேன்.

மாட்டுங்காவில் ஒரு பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து இன்று ஊர் ஊராகப் போய் பாஸ் கிதார் வாசிக்கிற மனுஷன். பேர் அவ்வளவுதான், நாணு. முன்னால் வந்து நிற்கிறவர் இல்லை. பின்னால் நின்று கீழ் ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார். கூட வாசிக்கிறவர் ஒரு தப்பு ஸ்வரம் தொட்டுவிட்டால் அந்தத் தப்புக்கு அடியில் போய் வேறொரு ஸ்வரத்தை வைப்பார், அது தப்பே இல்லை என்று ஆகிவிடும். மேலே பறக்கிறவர்களோடு வாசிக்க ஆசைப்படுவது பெரிய வித்வான்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ஆசை எல்லாம் இவர்மேல்தான்.

"அவரு கீழ நின்னா நான் தைரியமா மாடிலேர்ந்து குதிப்பேங்க்கா" என்றான் அஸாருதீன்.

ஜூன் 19, வியாழன்

நம்ப முடியவில்லை. நாணு ஆகஸ்டில் மாட்டுங்கா வருகிறாராம். ஒரு இசைக்கருவிக் கடையின் ஏற்பாடு. ஒரு சின்ன அரங்கில் மாலை நிகழ்ச்சி. மேடையே ஏறாத கிதார்க்காரர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஒரு பாட்டு அவரோடு. வீடியோ அனுப்ப வேண்டும்.

அஸாருதீன் ஆபீஸ் நேரத்தில் மூன்று தடவை போன் செய்துவிட்டான். "அக்கா, பாத்தியளா? பாத்தியளா?"

ஜூன் 29, ஞாயிறு

ஜீஷான் எங்கள் இருவரையும் போனில் பதிவு பண்ணினான். அஸாருதீன் வேகமான ஒன்றை வாசித்தான், விரல் நன்றாக ஓடிற்று. நான் என்னுடைய மெட்டையே வாசித்தேன். ஒரு மழையில் குர்லாவில் ரயில் நின்றுபோனபோது மனசில் வந்தது. இவர்கள் அதற்குக் குர்லா என்றே பேர் வைத்துவிட்டார்கள். எளிதானது, மெதுவானது. நடுவில் ஒரு இடத்தில் தகரக் கூரையில் மழை கேட்கிறது. திரும்ப எடுக்கலாம் என்றேன். வேண்டாம், இருக்கட்டும் என்றான் அஸாருதீன்.

ஜூலை 9, புதன்

நான் தேர்வாகியிருக்கிறேன்.

அவன் இல்லை.

ஜூலை 10, வியாழன்

வேலை முடிந்து நேராகத் தாராவிக்குப் போனேன், போனில் சொல்ல மனசு வரவில்லை. அவன் ஒரு பையின் விளிம்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே, "எனக்கு மெயில் வந்துட்டுக்கா. இல்லன்னு. ஒங்களுக்கு?" என்றான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பெண்டாட்டியைப் பார்த்து, "ஹாஃபிஸா, சாயா போடு, அக்காவ எடுத்துட்டாங்க" என்று கத்தினான்.

சிரித்தான். நிஜமான சிரிப்புதான். ஆனால் சாயா குடிக்கும்வரை என் கண்ணைப் பார்க்கவில்லை.

சாய்நாத்திடம் சொன்னேன். "ஓ, நல்லது. ஆபீஸ்ல லீவு எடுக்கணுமா?" ஞாயிற்றுக்கிழமை என்றேன். "அப்போ பிரச்னையில்லை" என்றார்.

ஜூலை 14, திங்கள்

காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டதில் உள்ளே போயிருக்கும். வாஷியில் ரயில் மாறும்போதும் சரியாகவில்லை. உள்ளே ஒரு மிக்ஸி தூரத்தில் ஓடுகிற மாதிரி சத்தம்.

ஜூலை 15, செவ்வாய்

காலனி டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தார். சளி, கொஞ்சம் அழுக்கு என்றார். சொட்டு மருந்து. ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

அம்மா மாட்டுங்காவிலிருந்து கூப்பிட்டாள். எடுத்து ஹலோ ஹலோ என்கிறேன், பதிலே இல்லை. நெட்வொர்க்கைத் திட்டிவிட்டு வைத்தேன். திரும்பக் கூப்பிட்டாள், திரும்ப மௌனம். மூன்றாவது தடவை கை மாற்றி வலது காதில் வைத்தபோது, "ஏண்டி, நான் தொண்டை கிழியக் கத்தறேன், கேட்டுண்டே இருக்கியா?" என்கிறாள்.

இடது காதில் வைத்துத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அம்மா குரல் எங்கோ ஒரு டப்பாவுக்குள் இருந்தது. வார்த்தையே இல்லை, கரகரப்பு மட்டும்.

கிதாரை எடுத்தேன். சுருதி கலைந்திருந்தது. ட்யூனரை மாட்டிச் சேர்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது, சரி என்கிறது. கேட்டால் சரியில்லை. ஒரே கம்பியை மீட்டினால் ரெண்டு சத்தம் வருகிறது. ஒன்று சரியானது. இன்னொன்று கொஞ்சம் மேலே, கிழிந்த மாதிரி. கம்பி பழசு என்று நினைத்து மாற்றினேன். புதுக் கம்பியிலும் அப்படியே.

கம்பி இல்லை. நான்தான்.

ஜூலை 19, சனி

காது டாக்டரிடம் போனேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். வலது காது முடிந்து இடதுக்கு மாறினார்கள் போல. நான் ரொம்ப நேரம் பட்டனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது, சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது என்று.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். வலது காதின் கோடு மேலே நேராகப் போகிறது. இடது கோடு படியிறங்கி அடியில் போய்ப் படுத்துவிட்டது. அழுக்குமில்லை சளியுமில்லை, நரம்பு. சிலருக்கு இப்படித் திடீரென்று வரும், காரணம் பெரும்பாலும் தெரியாது என்றார். "முதல் நாளே வந்திருக்கலாமே" என்றார்.

சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரை எழுதியிருக்கிறார். சிலருக்குத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம் திரும்பும், சிலருக்கு இல்லை.

ரெண்டு சத்தமாகக் கேட்கிறதே என்றேன். மீதியிருக்கிற கொஞ்ச நரம்பு ஸ்வரத்தை இடம் மாற்றிச் சொல்கிறது என்றார். "நீங்க பாட்டுக்காரரா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 20, ஞாயிறு

ஜுரம் என்று அஸாருதீனுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 23, புதன்

மாத்திரையில் தூக்கம் போச்சு. எல்லாவற்றுக்கும் எரிந்து விழறேன். குக்கர் விசில், ஆட்டோ ஹாரன், சாய்நாத் பாத்திரம் வைக்கிறது, எல்லாம் ஆணி மாதிரி இறங்கறது. பேச்சு கேக்காத காதுல சத்தம் மட்டும் எப்படி இப்படி வலிக்கும்?

பஞ்சு வைத்து அடைத்து வாசித்துப் பார்த்தேன். கிதார் விலா எலும்பில் சாய்ந்திருக்கிறதே, எலும்பு வழியாகப் போய் அந்தக் காது கேட்டுவிடுகிறது. அடைக்க வழியில்லை. நான் சரியாக வாசிக்கும்போதும் உள்ளே ஒருத்தி கூடவே தப்பாக வாசித்துக்கொண்டு வருகிறாள்.

ஜூலை 26, சனி

இரண்டாவது டெஸ்ட். கோடு அசையவில்லை. செவிப்பறை வழியாக ஊசி போட்டார். குளிர்ந்த ஏதோ தொண்டைவரை இறங்கிற்று. தலையை ஒருக்களித்து அசையாமல் படுத்திருந்தேன். எச்சில் விழுங்கக்கூடாது என்றார்கள். கண்ணில் வந்த தண்ணீர் மட்டும் இறங்கிக் கேட்கிற காதுக்குள் போயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

அஸாருதீனும் ஹாஃபிஸாவும் சொல்லாமல் கொள்ளாமல் செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ஆப்பிளும் குடையுமாக. ஜுரக்காரியைப் பார்க்க. சாய்நாத் தடுமாறி, நாற்காலி போட்டு, காபி வேண்டுமா டீ வேண்டுமா என்று ரெண்டு தடவை கேட்டார்.

ஹாஃபிஸா என் இடப்பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. நான் அஸாருதீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சை நிறுத்தி, எழுந்து, என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இந்தப் பக்கம் கேக்குதா?" என்றாள், மெதுவாக.

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாம் சொன்னேன். அஸாருதீன் கையிலிருந்த கப்பைக் கீழே வைக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

"நீ போ" என்றேன். "நான் அவாளுக்கு எழுதறேன். எனக்குப் பதிலா நீ வாசி."

தலையை ஆட்டினான். "அவங்க என் வாசிப்பக் கேட்டுட்டு வேண்டாம்னாங்க. ஒங்க வாசிப்பக் கேட்டுட்டு வாங்கன்னாங்க. ஒங்க எடத்துல நான் போய் உக்காந்தா மூஞ்சிய எங்க வைக்கச் சொல்லுதிய?"

"நான் போய் என்ன பண்ணுவேன், அஸாரு? எனக்கு என் கிதாரே கேக்கல."

"கை இருக்குல்லா. எட்டு வருஷமா அதே மெட்டு. கைக்குத் தெரியும். காத வீட்ல வச்சிட்டு வாங்க."

போகும்போது ஹாஃபிஸா என் தலையைத் தொட்டாள். சாய்நாத் அவர்களைக் கேட்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என்னிடம், "இவ்வளவு மோசம்னு நீ என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

சொன்னேன். இடது கோடு அடியில் போய்ப் படுத்துவிட்டது என்று சொன்னேன். அவர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இரண்டாவது ஊசி. ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

அரங்கு சின்னதுதான். முன்வரிசையில் அம்மா, சாய்நாத். அவர்களுக்குப் பின்னால் அஸாருதீன், ஹாஃபிஸா, ஜீஷான். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளிடம் காதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

மேடைக்குப் பின்னால் நாணு வந்து எல்லோரிடமும் கை கொடுத்தார். வெள்ளைச் சட்டை, சாதாரணச் செருப்பு. நான் நினைத்ததைவிடக் குள்ளம். என்னிடம், "குர்லா நீங்கதானே? மழைச் சத்தம் வருமே" என்றார். பாலக்காட்டு இழுப்பு இன்னும் இருக்கிறது. எத்தனையோ வருஷமாக இவரிடம் சொல்ல ஏதேதோ சேர்த்து வைத்திருந்தேன். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம், எனக்கு ஒரு காது கேட்காது, வலது பக்கம் நில்லுங்கள் என்று. ஒரு வாக்கியம்தான். பரிதாபப்பட்டுவிடுவாரோ என்று பயம். அவரோடு ஒரே ஒரு பாட்டு, அதையும் நோயாளியாக வாசிக்க வேண்டுமா?

மேடையில் அவர் இடப்பக்கம் நின்றார். நான் ஆரம்பித்தேன். முதல் வரி தனியாக நான், இரண்டாம் வரியில் அவர். அவர் உள்ளே வந்த நிமிஷம் தரை அதிர்ந்தது. உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் குழம்பிவிட்டது. என் கம்பிகள் ரெண்டு ரெண்டாக, அவர் கம்பி ஒன்று கீழே, இன்னொன்று எங்கோ, ஸ்பீக்கர் சத்தம் இடது காதில் ஆணியாக. நான் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று கையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வாசித்தேன். நடுவில் ஒரு இடத்தில் கை தவறிற்று. தவறியது தெரிந்தது, எவ்வளவு என்று தெரியவில்லை. பிறகு இன்னொரு இடம். நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். நிறுத்த எனக்கு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். கை போய்க்கொண்டே இருந்தது.

முடிந்தது. கைதட்டல் கேட்டது, அதுவும் தகரம் கொட்டுகிற மாதிரி.

அப்போது அவர் என்னிடம் வந்தார். பாஸைக் கழற்றாமலே, கைதட்டலுக்கு நடுவே, தோளைத் தொட்டுக் குனிந்து, இடது காதில் ஏதோ சொன்னார். சின்னதாக இல்லை. ரெண்டு மூன்று வாக்கியம் இருக்கும். மூச்சு காதில் பட்டது. சிரித்தபடி முகத்தைப் பார்த்தார், பதில் எதிர்பார்க்கிற மாதிரி.

நான் சிரித்தேன். தலையாட்டினேன்.

அவர் அடுத்த ஆளை நோக்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீஸுக்குப் போகவில்லை.

அஸாருதீன் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தான். ஒற்றை இயர்போனை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டேன்.

நன்றாக இருக்கிறது.

நன்றாக இருக்கிறது என்பது போதாது. நான் தவறின இடம் வந்தது. அவர் ஒரு நொடிகூட யோசிக்காமல் கீழே இறங்கி வேறொரு ஸ்வரத்தில் உட்கார்ந்தார். என் தப்பு திடீரென்று ஒரு கதவு திறந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டாவது தப்புக்கு அதைவிட அழகாகச் செய்திருக்கிறார். அரங்கில் ஒருவர் ஆஹா என்கிறார். அது அம்மா மாதிரி இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் இப்படி வாசித்ததில்லை, இனி வாசிக்கவும் மாட்டேன். அரங்கில் இருந்த எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். அங்கே இல்லாதவள் நான் ஒருத்திதான்.

கடைசியில் அவர் குனிந்து பேசுவதும் இருக்கிறது. உதடு அசைவது பக்கவாட்டில் தெரிகிறது. படிக்க முடியவில்லை. நான் தலையாட்டுகிறேன். எதுக்குடி தலையாட்டினே?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எல்லோரும் அதையே கேட்கிறார்கள். நாணு உன்கிட்ட என்ன சொன்னார்?

அம்மாவிடம், ரொம்ப நன்னா வாசிச்சேள்னு சொன்னார் என்றேன். சாய்நாத்திடம், மெட்டு பிடிச்சிருக்குன்னு சொன்னார் என்றேன். ஆபீஸில் ஒருத்தியிடம், திரும்ப வாசிக்கலாம் என்றாராம். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் பெரிசாகிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தாராவிக்குப் போனேன், கிதார் இல்லாமல். அஸாருதீனிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னது காதில் விழவே இல்லை என்றேன். அவன் உடனே, "கடைக்காரங்க மூலமா கேட்டு எழுதிப் பாப்போம்க்கா" என்றான். வேண்டாம் என்றேன். என்னவென்று எழுதுவது? நீங்கள் சொன்னதற்கு நான் தலையாட்டினேன், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை என்றா?

இனிமேல் வரப்போவதில்லை என்று சொன்னேன். அது நான் வாசித்ததே இல்லை, அவர் வாசித்தது. நான் கேட்காத ஒன்றை என்னுடையது என்று வைத்துக்கொள்ள முடியாது. கிதாரைத் தொட்டாலே பைத்தியம் பிடிக்கிறது. என்னைப் போல் துர்பாக்கியம் யாருக்கும் வரக்கூடாது என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனேன். ஜீஷான் பெட்டியிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான்.

அஸாருதீன் மடியிலிருந்த கிதாரை இறக்கி ஓரமாக வைத்தான். பிறகு, "எனக்கு ரெண்டு காதும் நல்லா கேக்குதுக்கா" என்றான். "அன்னைக்கு அங்கன உக்காந்து முழுசாக் கேட்டேன். அவரு ஒங்களுக்குக் கீழ ஒவ்வொண்ணா எடுத்து வச்சதக் கேட்டேன். எனக்கு அது கெடைக்கல. கெடைக்கவும் கெடைக்காது. ஒங்களுக்குக் கெடச்சிது. அத வச்சிக்கிட்டு என் முன்னால ஒக்காந்து துர்பாக்கியம்ங்கிய."

நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால், இடப்பக்கமிருந்து கூப்பிட்டிருந்தால், எனக்குக் கேட்டிருக்காது என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் வந்துவிட்டார். காலனி வாசலில் டோல்-தாஷா மேளம். நான் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு காதை இறுக்கிப் பொத்தி உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது சாய்நாத் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிறு. துணி மடித்தேன்.

அக்டோபர் 4, சனி

காது மெஷின் போட்டுப் பார்த்தார்கள். கிழிந்த சத்தத்தை இன்னும் உரக்கக் கிழித்தது. கழற்றிக் கொடுத்துவிட்டேன். "பழகிக்கணும்" என்றார் டாக்டர். நல்ல மனுஷன். வேறென்ன சொல்வார்.

கிதாரை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டவர் சாய்நாத்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அம்மாவிடம் இன்றுதான் சொன்னேன். அவள் லட்டு பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசி லட்டையும் பிடித்து வைத்தாள். அப்புறம், "அப்போ மேடையில? அன்னிக்கும் கேக்கலையா நோக்கு?" என்றாள்.

கேக்கலம்மா.

"நான் கேட்டேன்" என்றாள். கையைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹாஃபிஸா போன் செய்தாள். சும்மாதான் என்றாள். பின்னால் கிதார் கேட்டது, அஸாருதீன் வாசிக்கிறான். அவனாகப் பேசமாட்டான் போல. நானும் கேட்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை. அவன் வாசிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டாவது கம்பி இறங்கியிருந்தது. சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

விடிகிற நேரம் எழுந்தேன், அறை சுற்றிற்று. சுவரைப் பிடித்தால் சுவரும் போகிறது. வாந்தி. சாய்நாத் என்னைத் தூக்கிப் பிடித்து உட்காரவைத்து ஏதோ கேட்கிறார், வாய் மட்டும் அசைகிற மாதிரி இருந்தது. தலையை அந்தப் பக்கம் திருப்பின பிறகுதான் குரல் வந்தது.

மாலை டெஸ்ட். இடது பக்கத்துக்கு இனி கோடே இல்லை. அடியில் படுத்திருந்ததும் போய்விட்டது. இரைச்சல்கூட இல்லை. "மறுபடியும் மாத்திரை தர்றேன், ஆனா நம்பிக்கை வெச்சுக்காதீங்க" என்றார் டாக்டர். வலது காதை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அதுவும் போய்விடுமா என்று சாய்நாத் கேட்டார். போகாது என்று நினைப்போம் என்றார்.

ஆட்டோவில் சாய்நாத் என் வலப்பக்கம் உட்கார்ந்துகொண்டார்.

டிசம்பர் 5, வெள்ளி

அவ்வளவுதானா? இத்தனை மாசம் ஒரு துளியாவது திரும்பும்னு உட்கார்ந்திருந்தேனே.

டிசம்பர் 11, வியாழன்

தலைசுற்றல் குறைந்திருக்கிறது. இன்னும் லீவில்தான் இருக்கிறேன்.

சாய்நாத் அலமாரிக்கு மேலே எதையோ தேடினபோது கிதார் உறை சரிந்து விழப் பார்த்தது. பிடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டார். ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூசியாவது துடைப்போம் என்று ஜிப்பைத் திறந்தேன். துடைக்கும்போது விரல் கீழ்க்கம்பியில் பட்டது.

ஒரு சத்தம்.

திரும்ப மீட்டினேன். ஒன்றுதான். கூட வருகிறவள் வரவில்லை. ட்யூனரை மாட்டி ஆறு கம்பியையும் சேர்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது, என் காதும் அதையே சொன்னது. விலா எலும்பில் சாய்த்து வைத்து ஜி கார்ட் பிடித்தேன். எலும்பு வழியாகப் போய்க் கேட்பதற்கு அங்கே இனி யாரும் இல்லை.

மீதியிருந்த அந்தக் கொஞ்சம் திரும்பி வளரும் என்றுதான் ஊசி, மாத்திரை, அம்மாவின் நேர்ச்சை எல்லாம். அது செத்தபிறகு சுருதி சேர்ந்திருக்கிறது. இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்? சந்தோஷப்பட வேண்டுமா? வாசித்துக்கொண்டே அழுதேன். அழுதுகொண்டே வாசித்தேன் என்றும் எழுதலாம். விரல் நுனியெல்லாம் மெத்தென்று ஆகிவிட்டது, கம்பி வெட்டுகிறது.

டிசம்பர் 13, சனி

அஸாருதீனுக்கு போன் செய்தேன். முழுசாகப் போய்விட்டது என்றேன். நாளைக்கு வரட்டுமா என்றேன்.

"வாங்க" என்றான். அப்புறம், "அன்னைக்கு நான் பேசினது" என்று ஆரம்பித்தான்.

"நீ பேசினது சரிதான்" என்றேன்.

"சரியில்லக்கா."

அதற்குமேல் இருவரும் அதைத் தொடவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

சாய்நாத்தும் கூட வந்தார். வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எனக்கு இப்போது தெரிவதில்லை. ரோட்டைத் தாண்டும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறைவரை விட்டுவிட்டுப் போவார் என்று நினைத்தேன். உள்ளே வந்தார். ஹாஃபிஸா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்தார்.

குர்லா வாசித்தோம். ஜீஷானின் பெட்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்துத் தெரியவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். நடுவில் தவறினேன். தவறியது கேட்டது. அப்பட்டமான தப்பு. அடியில் யாரும் எதையும் எடுத்து வைக்கவில்லை.

அஸாருதீன் வாசிப்பை நிறுத்தி, "அக்கா, அங்கன இழுத்துட்டிய" என்றான்.

"தெரியும்" என்றேன்.